கோட்டையிலிருந்து கேளம்பாக்கம் வரை: சென்னை மருத்துவமனைகளின் வரலாறு

சென்னையின் முதல் மருத்துவமனை 1664-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கப்பட்டது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, நெடுங்காலம் உப்பளங்களால் அறியப்பட்ட கேளம்பாக்கத்தில், இன்று மருத்துவக் கல்லூரியுடன் கூடிய ஒரு பெரிய மருத்துவமனை இயங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டுகள் உள்ளன. நகரம் வளர்ந்தது, மருத்துவமனைகளும் உடன் வளர்ந்தன என்று இந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். எந்த நோயாளி ஊருக்குள் இருக்கலாம், எவரை ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்ற கேள்வியும் மருத்துவமனைகள் எழுந்த இடங்களைத் தீர்மானித்தது. தென்சென்னைப் புறநகரில் இதைத் தெளிவாகக் காட்டும் இடம் தாம்பரம் சானடோரியம்.

கோட்டையும் கஞ்சித் தொட்டியும்

1664-இல் கோட்டையின் ஏஜெண்டாக இருந்தவர் சர் எட்வர்ட் விண்டர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் நோயுற்று இறப்பது அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. சென்னையை நிறுவியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ கோகனின் வீட்டை மாதம் 2 வராகன் வாடகைக்கு எடுத்து, எட்டுப் பத்துப் பேர் படுக்கக்கூடிய ஒரு மருத்துவ விடுதி அமைக்கப்பட்டது. இன்றைய ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் தொடக்கம் அந்த வாடகை வீடுதான். கோட்டைக்குள்ளேயே சில முறை இடம் மாறிய பிறகு, 1772-இல் அது கோட்டைக்கு வெளியே இன்றுள்ள இடத்துக்கு வந்தது. எதிரே சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்தது அதற்கு நூறாண்டுகள் கழித்து, 1873-இல்.

இது முதலில் வெள்ளையருக்கான மருத்துவமனை. 1835-இல் மருத்துவப் பள்ளி இதனுடன் சேர்க்கப்பட்டது. 1850-இல் அப்பள்ளி சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1842-இல்தான் இந்திய நோயாளிகளுக்குக் கதவு திறந்தது. தொடங்கி 178 ஆண்டுகளுக்குப் பிறகு என்பதை இங்கே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

அதுவரை உள்ளூர் மக்களுக்கு மருத்துவமனையே இல்லை என்று சொல்ல முடியாது. ஹைதர் அலியுடனான போர்க் காலத்தில், 1782-இல், பஞ்சத்தால் நகருக்குள் வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக வடசென்னையில் மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. பசியோடு வந்தவர்களில் பலர் நோயோடும் வந்தார்கள். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அப்பகுதியில் ஏழை இந்தியருக்காக ஒரு மருத்துவ விடுதியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் சத்திரமும் விடுதியும் ஒன்றாயின. இதன் வழித்தோன்றல்தான் ஸ்டான்லி மருத்துவமனை. 1938-இல் அங்கு மருத்துவக் கல்லூரி வந்து, ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனாலும் வடசென்னையின் பழைய தலைமுறையினருக்கு அது 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'தான். கோட்டை மருத்துவமனை சிப்பாயின் உடலைக் காக்கத் தோன்றியது; இது பஞ்சத்தில் விழுந்தவனைத் தூக்க வந்தது. சென்னையின் பொது மருத்துவத்துக்கு இரண்டாவதே உண்மையான மூதாதை என்று சொல்லத் தோன்றும்.

பெண்களின் நிலை வேறு. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதால் பிரசவத்தில் எத்தனையோ உயிர்கள் போயின. இதைக் கண்ட மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண், 1875-இல் வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1885-இல் கோஷா மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்குவது அதுதான். ஆட்டோக்காரர்களிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் இப்போதும் விளங்கும்.

ஊருக்கு வெளியே வைத்தல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் கண், மகப்பேறு ஆகியவற்றுக்குத் தனி மருத்துவமனைகள் சென்னையில் வந்துவிட்டன. எழும்பூர் கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இவையெல்லாம் ஊருக்குள் இருந்தன. அச்சத்தை எழுப்பிய நோய்களுக்கு மட்டும் எல்லையோரங்களே வாய்த்தன.

மனநோயாளிகளுக்கான காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்குச் சென்றது. அன்று அது தோட்டங்கள் நிறைந்த ஒதுக்குப்புறம். நகரம் பிறகு அதைச் சூழ்ந்து விழுங்கிவிட்டபோதும், 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயர் கேலிச்சொல்லாகத் திரைப்பட நகைச்சுவையில் தங்கிவிட்டது. தொழுநோயாளிகளுக்கு இடம் இன்னும் தொலைவில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் அமைந்தது. அங்கே 1955-இல் மத்தியத் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. காசநோய்க்குக் கிடைத்த ஒதுக்குப்புறம் தாம்பரம்.

எலும்புருக்கி, சயரோகம் என்று பல பெயர்களில் அழைக்கப்பட்ட காசநோய் ஒரு வீட்டில் நுழைந்தால் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் வராது. நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882-இல் கண்டறிந்தார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் நம்பியது நல்ல காற்றையும் ஓய்வையும் சத்துணவையும்தான். ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மான் பிரெமர் 1850-களில் மலைப்பகுதியில் தொடங்கிய முறை அது. அத்தகைய விடுதிகளுக்குச் சானடோரியம் என்று பெயர். சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் கிறித்தவ மிஷன்கள் 1915-இல் ஒன்றைத் திறந்தன. ஆனால் அது சென்னையிலிருந்து வெகுதூரம்.

சௌரிமுத்துவின் பன்னிரண்டு படுக்கைகள்

தாம்பரம் சானடோரியத்தை நிறுவியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. அவர் இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பெயர் பெற்றவர். சாமர்செட் பகுதியில் வெல்ஸ் நகருக்கு அருகே மெண்டிப் குன்றுகளில் அவருடைய சானடோரியம் இருந்தது. காசநோய் பற்றி மருத்துவ நூலும், பழைய இந்திய மருத்துவத்தின் தொன்மை பற்றி வேறொரு நூலும் எழுதியிருக்கிறார்.

அவருடைய நோயாளிகளில் ஒருவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். 1914-இல் இராமானுசன் கேம்பிரிட்ஜ் செல்ல ஏறிய 'நெவாசா' கப்பலில் சௌரிமுத்துவும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1917-இல், உடல் நலிந்த இராமானுசன் சிறிது காலம் மெண்டிப் சானடோரியத்தில் அவரிடம் சிகிச்சை பெற்றார். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்தவருக்கு, குளிர்காலத்திலும் சன்னலைத் திறந்து வைக்கும் திறந்தவெளிச் சிகிச்சை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதே பிற்கால ஆய்வாளர்களுக்கு ஐயம். கல்லீரலைத் தாக்கிய அமீபியத் தொற்று என்று கருதுவோர் உண்டு. அவர் 1920-இல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். அப்போது நகரை ஒட்டி இத்தகைய சானடோரியம் எதுவும் இருக்கவில்லை.

1928 ஏப்ரல் 9 அன்று, தாம்பரத்தில் பச்சைமலைக்கு அருகே சுமார் 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளுடன் சௌரிமுத்துவின் தனியார் சானடோரியம் திறக்கப்பட்டது. நிலத்தையும் படுக்கைகளையும் ஒப்பிட்டால் அந்தக் காலத்து மருத்துவச் சிந்தனை புரியும். அங்கே காற்றும் வெளியும்தான் மருந்து. கட்டடம் இரண்டாம்பட்சம். தாம்பரம் அப்போது சிற்றூர். ரயில் பாதை மட்டும் இருந்தது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்திலிருந்து போதுமான தூரம், உறவினர் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு நெருக்கம் என்ற இரண்டும் ஒரே இடத்தில் வாய்த்தன.

தனியொருவர் நடத்தும் விடுதியால் காசநோயின் பரப்பைச் சமாளிக்க முடியாது. ஏழைக்குத்தான் அந்நோய் அதிகம் வந்தது. ஏழையால் மாதக்கணக்கில் பணம் கட்டித் தங்க முடியாது. 1937-இல் சென்னை மாகாண அரசு சானடோரியத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு வார்டுகள் ஒவ்வொன்றாகக் கூடி, பிற்காலத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக அது வளர்ந்தது. இன்றைய பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்பவர் குறைவு. அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர் அமைந்துவிட்டது. தினமும் 'சானடோரியம்' என்று சொல்லி இறங்குபவர்களில் அச்சொல்லின் பொருள் தெரிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

படுக்கை தேவையா?

சானடோரியத்தில் இடம் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம்; படுக்கைகளோ அதில் மிகச் சிறிய பங்கு. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோநியாசிடும் பயன்பாட்டுக்கு வந்தபின், புதிய கேள்வி ஒன்று எழுந்தது. மாத்திரையே நோயைத் தீர்க்கும் என்றால், நோயாளியை ஊருக்கு வெளியே படுக்க வைப்பது எதற்கு?

இதற்கு விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. ஆய்வை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். நெருக்கடியான குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டிலிருந்தே மருந்து உண்பது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, நல்ல சாப்பாடு, செவிலியர் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் அரைவயிற்றுக்கு உண்டு, முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். ஒற்றை அறையில் குடும்பத்தோடு படுத்தார்கள்.

1959-இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தார் அதிக எடை கூடியிருந்தார்கள். ஆனால் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. மருத்துவர்கள் மிகவும் அஞ்சியது வீட்டிலுள்ளவர்களுக்கு நோய் தொற்றும் என்பதைத்தான். அதுவும் வீட்டுச் சிகிச்சைப் பிரிவில் கூடுதலாக இல்லை. மருந்து தொடங்கியபின் நோயாளியிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைகிறது என்பதே காரணம். சிகிச்சைக்கு முன்பே, நோய் கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில்தான் பெரும்பாலும் தொற்று பரவியிருந்தது.

நூறாண்டுகளாக மலைகளிலும் காடுகளிலும் கட்டப்பட்ட சானடோரியங்களின் அடிப்படையை, சென்னைக் குடிசைகளில் செய்த ஓர் ஆய்வு அசைத்துவிட்டது. உலக நாடுகள் தங்கள் காசநோய்த் திட்டங்களை வீட்டுச் சிகிச்சையை மையமாக வைத்துத் திருத்தி எழுதின. மேல்நாடுகளில் பல சானடோரியங்கள் மூடப்பட்டன. சென்னையிலிருந்து உலக மருத்துவத்துக்குச் சென்ற கொடைகளில் இதற்கு ஈடானது வேறு உண்டா என்பது ஐயமே. அப்படியிருந்தும் பள்ளிப் பாடநூல்களில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. உடல் தேறியதும் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அன்றைய மருந்துகளில் ஒன்று அளவில் பெரியது, சுவையில் சகிக்க முடியாதது. உண்மையில் உண்கிறார்களா என்று அறிய, பணியாளர்கள் திடீரென வீட்டுக்குச் சென்று சிறுநீர்ச் சோதனை செய்தார்கள். இந்த அனுபவத்திலிருந்தே, சுகாதாரப் பணியாளர் கண்முன் மருந்து உண்ணச் செய்யும் முறையைச் சென்னை மையம் வளர்த்தெடுத்தது. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய திட்டத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மீண்டும் அதே அச்சம்

தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய், ஆஸ்துமா, நுரையீரல் அறுவை சிகிச்சை என்று அதற்கு வேலை இருந்தது. பிறகு எவரும் எதிர்பாராத ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகள் மருத்துவமனைகளைத் தேடி வந்தபோது, பல இடங்களில் கதவு சாத்தப்பட்டது. ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் மறுத்தார்கள். வார்டில் ஒரு மூலையில் தள்ளினார்கள். எய்ட்ஸ் நோயாளிகளை இந்தியாவில் அதிகம் கொன்றது காசநோய் என்பதால், அவர்கள் தாம்பரத்தை வந்தடைந்தது ஒருவகையில் இயல்பே. 1993 முதல் அம்மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட ரயிலேறி வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களுள் ஒன்றாக அது ஆனது. காசநோயாளியை ஒதுக்குவதற்காக ஊருக்கு வெளியே எழுந்த இடம், ஊருக்குள் ஒதுக்கப்பட்டவர்களுக்குப் புகலிடமாயிற்று.

அப்போது எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளின் விலை சாமானியருக்கு எட்டாக்கனி. மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ. நெ. தெய்வநாயகம், ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இது விவாதத்துக்கு உள்ளானது. அம்மருந்துகள் எச்.ஐ.வி.யைத் தீர்க்கும் என்று நிறுவப்படவில்லை. வேறு மருந்தே கைக்கெட்டாத காலத்தில், சாகக் கிடந்தவர்களுக்கு ஏதேனும் செய்ய ஒரு மருத்துவர் எடுத்த முயற்சி என்ற அளவில் அதை மதிப்பிடுவதே நியாயம். 2001-இல் இந்திய நிறுவனமான சிப்லா கூட்டு மருந்தின் விலையைப் பெருமளவு குறைத்து அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு அம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதற்கட்டத்தில் தேர்வான எட்டு அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. நோய் தெரிந்தபின் சாவை எதிர்பார்த்திருந்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

சித்த மருத்துவத்துக்கும் அவ்வூருக்கும் உள்ள தொடர்பு அதோடு முடியவில்லை. 2005-இல் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு, சித்த மருத்துவராகவும் விளங்கிய அயோத்திதாச பண்டிதரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அடையாறும் தரமணியும்

நகரத்தின் தென்கோடியில் தனியார் தொண்டு முயற்சிகளும் வேரூன்றின. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவும் தாம்பரம் போலவே 12 படுக்கைகளோடுதான் தொடங்கியது. 1958-இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய தன்னார்வ சுகாதாரச் சேவை அமைப்பு தரமணிப் பக்கம் வளர்ந்தது. வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா, நோய் வந்தால் அதற்கேற்ற சிகிச்சை என்பது அவர் திட்டம். பரங்கிமலை வட்டாரக் கிராமங்களில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு சுகாதார மையங்களையும் அவர் நடத்திக் காட்டினார். காப்பீடு என்ற சொல் பரவலாகும் முன்பே நடந்த சோதனை இது.

1983-இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை திறக்கப்பட்டதும் கணக்கு மாறியது. பங்குதாரர் முதலீட்டில் பெரிய மருத்துவமனை நடத்தலாம் என்று அது காட்டியது.

கேளம்பாக்கம்

கேளம்பாக்கம் பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் சந்திக்கும் இடம். ரயில் இல்லாததால் தாம்பரத்தைப் போல அது முன்னதாக வளரவில்லை. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா வந்து, பிறகு சிறுசேரி வரை மென்பொருள் நிறுவனங்கள் நீண்டபோதுதான் அதன் காலம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் செட்டிநாடு குழுமம் இங்கே மருத்துவமனையையும் மருத்துவக் கல்லூரியையும் நிறுவியது. 2008-இல் அக்கல்வி நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழக நிலையைப் பெற்றது. தென்புறநகரில் வேறு சில தனியார் மருத்துவக் கல்லூரிகளும் முன்னும் பின்னுமாகத் தோன்றின.

இவை நகருக்கு வெளியே வந்ததற்குக் காரணம் நோயின் மீதான அச்சம் அல்ல; நிலம். மருத்துவக் கல்லூரிக்குக் குறைந்தது 25 ஏக்கர் வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கழகத்தின் விதி சொன்னது. நகருக்குள் அவ்வளவு நிலம் கிடைக்காது. கிடைத்தாலும் விலை கட்டுபடியாகாது. கல்லூரி நடத்த நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் வேண்டும், அப்படுக்கைகளில் போதிய நோயாளிகளும் இருக்க வேண்டும். மாணவர்கள் கற்பது நோயாளிகளிடம்தான். அதனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் புறநோயாளிக் கட்டணம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கிறது. கிராமங்களில் முகாம் போட்டு, வேன் வைத்து நோயாளிகளை அழைத்து வருவதும் உண்டு. 2008-இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவையும், 2009-இல் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தபின், கோவளத்து மீனவரும் திருப்போரூர் விவசாயியும் அறுவை சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரிய சிகிச்சைகளுக்குத்தான் காப்பீடு. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரைக்கு, இப்பகுதி ஏழைகள் இன்றும் வரிசையில் நிற்பது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான்.